திரும்பும்போது பார்த்துக்கலாம்

அமெரிக்கா போய் வந்த நம் வயதுக்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் நயாகராவும் வெள்ளை மாளிகையும் தவறாமல் இருக்கும். எனக்கு அந்த இரண்டையும் பார்க்க வாய்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு சாலை. நெடுஞ்சாலைத் துறையில் 34 வருடம் சாலை போட்டே காலம் தள்ளிய மனுஷன், அமெரிக்கா போயும் சாலையைத்தானா பார்க்கணும் என்று வீட்டு அம்மாள் கேட்டாள். கேட்டவள் பிறகு என்ன சொன்னாள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2019 ஜூலை மாதம். சியாட்டிலில் மகன் வீட்டில் இருந்தோம். அவனுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. மருமகளுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மகன், எட்டு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் என்று நான்கு பேராகக் காரில் கிளம்பினோம். போன இடம் மொண்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்கா. கிளேசியர் என்றால் பனியாறு. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். நம் மதுரை மாவட்டத்தை விடப் பெரிய பரப்பில் மலையும் காடும் ஏரியுமாகக் கிடக்கிறது. 1910இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அந்த மலையின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஒரே ஒரு தார்ச்சாலை. பெயர் 'கோயிங் டு த சன் ரோடு', அதாவது சூரியனை நோக்கிப் போகும் சாலை. நீளம் 80 கிலோமீட்டர். இந்தப் பக்கம் மெக்டொனால்டு ஏரி, அந்தப் பக்கம் செயின்ட் மேரி ஏரி, நடுவில் 2,026 மீட்டர் உயரத்தில் லோகன் கணவாய். நம் கொடைக்கானலும் ஏறக்குறைய அந்த உயரம்தான். ஆனால் அங்கே ஜூலையிலும் சாலையோரம் பனி கிடக்கிறது.

வழிகாட்டியோடு போக வேண்டுமானால் 1930களில் செய்த பழைய சிவப்பு பஸ்கள் இன்றும் ஓடுகின்றன. நாங்கள் சொந்தக் காரில் போனோம். வாசலில் காருக்கு 35 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு ஏழு நாளைக்குச் செல்லும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் நம் இஷ்டம். சாலையோரத்தில் கார் ஒதுங்குவதற்கு நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். சும்மா ஓட்டிக்கொண்டே போனால் இரண்டு மணி நேரத்தில் அந்தக் கரைக்குப் போய்விடலாம் என்றான் மகன். "அப்ப மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றேன் நான். என் புத்தி எப்போதும் அப்படித்தான். கிளம்பிய இடம், சேரும் இடம் இரண்டும்தான் என் கணக்கில் உண்டு.

முதல் நாள் இரவு கேலிஸ்பெல் என்ற ஊரில் தங்கி, காலை ஆறு மணிக்குப் புளியோதரைப் பொட்டலத்துடன் புறப்பட்டோம். ஏழு மணிக்கு மெக்டொனால்டு ஏரிக்கரை. பத்து மைல் நீளம், 140 மீட்டருக்கு மேல் ஆழம். அந்த நேரத்தில் காற்றே இல்லை. ஏரிக்கு அப்பால் இருக்கும் மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் படுத்திருந்தன. கரையெல்லாம் கூழாங்கல். சிவப்பு, பச்சை, ஊதா என்று யாரோ சாயம் போட்டுக் கொட்டியது போல இருக்கிறது. கல்லில் இருக்கும் இரும்புச்சத்துதான் காரணம். சேறாகப் படிந்த காலத்தில் காற்றுப் பட்டது சிவப்பாகவும், ஆழத்தில் காற்றுப் படாமல் கிடந்தது பச்சையாகவும் ஆகியிருக்கிறது. பேத்தி இரண்டு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பூங்காவிலிருந்து கல்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்பது சட்டம். மகன் சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போட்டாள். எதிர்க்கரையில் மரங்கள் கரிக்குச்சிகளாக நின்றன. முந்தைய வருடம், 2018 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பிடித்த காட்டுத்தீ என்றான் மகன்.

ஏரி முடிந்ததும் ஓடையை ஒட்டியே சாலை போகிறது. மெக்டொனால்டு அருவி என்று வரைபடத்தில் போட்டிருந்த இடத்தில் கார் நிறுத்த இடமில்லை. ஏழெட்டுக் கார்கள் நெருக்கியடித்து நின்றன. நான் வழக்கம்போல, "சரி போ, திரும்பும்போது பார்த்துக்கலாம்" என்றேன்.

"நாம இந்த வழியா திரும்பலைப்பா. அந்தப் பக்கம் இறங்கி, மலையைத் தெற்கால சுத்திக்கிட்டுத்தான் வர்றோம்" என்றான் மகன்.

பின் சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "எங்க அம்மாகிட்டயும் இதையேதான் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக் கணக்குச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். காருக்குள் யாரும் பேசவில்லை.

1994 மே மாதம். என் மாமியாருக்கு அப்போது எழுபது வயது. பழனி மலையைத் தவிர வேறு மலை ஏறியதில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால், மாருதி 800 காரில் எல்லோரையும் திணித்துக்கொண்டு வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போனோம். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்திலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கிறதே, உங்களுக்குத் தெரியும். அங்கே வந்தபோது அத்தை, "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன், தண்ணியப் பாத்துட்டுப் போவோம்" என்றார்கள். வளைவில் பஸ்கள் மறித்து நின்றன. தங்கும் அறைக்கு நேரத்துக்குப் போக வேண்டும். "திரும்பும்போது பார்த்துக்கலாம் அத்தை, இப்பவே நேரமாச்சு" என்று சொல்லி ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

மூன்றாம் நாள் திரும்பும்போது மழையும் மூடுபனியும். கிளம்பவே இருட்டிவிட்டது. அருவி இருக்கும் இடத்தில் காரை மெதுவாக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. "பரவாயில்ல மாப்பிள்ள, சத்தமாவது கேட்டுச்சே" என்றார்கள் அத்தை. அடுத்த தை மாதம் அவர்கள் காலமானார்கள்.

இத்தனை வருடத்தில் என் மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு நினைவே இருக்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் தள்ளிப் போயாவது நிறுத்துப்பா" என்றேன் மகனிடம். கால் கிலோமீட்டர் தள்ளி இடம் கிடைத்தது. மூட்டுவலிக்காரியைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து அருவியைக் காட்டினேன். பெரிய அருவி ஒன்றும் கிடையாது. பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் பாய்ந்து விழுகிறது. பத்து நிமிடம் நின்றோம். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இனி என் தொழில் சங்கதி கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாலைக்கு முதலில் போட்ட திட்டத்தில், பள்ளத்தாக்கு வழியாகப் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகள் வைத்து மலையேற்றுவதாக இருந்தது. செலவு குறைவு. தாமஸ் விண்ட் என்ற நிலவமைப்பு வல்லுநர் அதை எதிர்த்தார். அத்தனை வளைவும் மலையைக் கீறிப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. செங்குத்தான பாறைச் சுவரிலேயே செதுக்கிக்கொண்டு போனால் ஒரே ஒரு கொண்டை ஊசி போதும் என்றார். 1924இல் ஃபிராங்க் கிட்ரெட்ஜ் என்ற பொறியாளர் ஆட்களோடு போய் அந்த வழியை அளந்து கொடுத்தார். தினமும் மலையேறிப் போய், பாறை விளிம்பில் கயிற்றில் தொங்கி அளக்கிற வேலை. தாங்க முடியாமல் விட்டுவிட்டு ஓடியவர்கள் நிறையப் பேர். செலவு கூடுதல் என்று தெரிந்தும் அந்தத் திட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1932இல் மலையின் இரண்டு பக்கமும் இணைந்தது. 1933 ஜூலை 15 திறப்பு விழா. கட்டும்போது மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

ஏற்றம் நூற்றுக்கு ஆறுக்கு மேல் போகவில்லை. மலைச்சாலைக்கு நாங்களும் அந்த அளவைத்தான் வரம்பாக வைத்திருந்தோம். 1920களின் கார்கள் இரண்டாவது கியருக்கு இறங்காமல் ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தடுப்புச் சுவர்கள் எல்லாம் அந்த மலையின் கல்லிலேயே கட்டியவை. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் எது, பாறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் காலத்தில் நான் கட்டிய தாங்கு சுவர்களை நினைத்துப் பார்த்தேன். உறுதியாகக் கட்டியிருக்கிறேன், அதில் எனக்குக் குறையில்லை. பார்க்க எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த ஒரே கொண்டை ஊசி வளைவுக்கு 'லூப்' என்று பெயர். அதைத் தாண்டியதும் மலைச்சுவர் இடது பக்கம், பாதாளம் வலது பக்கம். அமெரிக்காவில் வண்டி வலது ஓரமாகத்தான் போக வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையும் வலது பக்கம். அதாவது பாதாளத்துக்கு மேலே நான். சுவர் முழங்கால் உயரம். சில இடங்களில் அதுவும் இல்லாமல் மரத்தடித் தடுப்பு மட்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், அந்தத் தடிகளை இலையுதிர் காலத்தில் கழற்றி வைத்து, பனி நீங்கிய பிறகு மறுபடி மாட்டுகிறார்களாம். இயற்கையோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கி வழி விடுகிற யோசனை. மேலே பனியை அள்ளிச் சாலையைத் திறக்க ஏப்ரலில் ஆரம்பித்தால் ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும்.

என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. சிறு வயதில் இந்தப் பையனுக்கு நான் காரைத் தொடக்கூடக் கொடுத்ததில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஒவ்வொரு வளைவிலும் எதிர் வண்டிக்கு இடம் விட்டு அவன் ஓட்டிய அழகைப் பார்த்ததும் என் கால் தானாக ஓய்ந்தது. "நல்லா ஓட்டுறப்பா" என்றேன். அவனுக்கு நாற்பது வயது. காது சிவந்துவிட்டது.

'பறவைப் பெண் அருவி' என்று ஒன்று, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் சுமார் 150 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மனைவி கேட்கும் முன்பே நிறுத்தச் சொன்னேன். அடுத்து 'அழும் சுவர்'. பாறை முழுவதும் கசிந்து சாலையிலேயே தண்ணீர் கொட்டுகிறது. எதிர்த்திசையில் போகிறவர்களின் கார்தான் நனையும். பேத்திக்கு அதில் ஏக வருத்தம்.

பதினொன்றரைக்கு லோகன் கணவாய். கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. காலை எட்டு, எட்டரைக்கே நிரம்பிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. மகன் ஒரு சுற்றுச் சுற்றினான். இடமில்லை. "போயிடலாமாப்பா?" என்று என்னைக் கேட்டான். இன்னொரு சுற்றுப் போகச் சொன்னேன். பிறகு இன்னொன்று. ஐந்தாவது சுற்றில் ஒரு குடும்பம் வண்டியை எடுத்தது.

அங்கே ஏரியைப் பார்க்க ஒரு நடைபாதை ஏறுகிறது. போக மட்டும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மகனும் பேத்தியும் கொஞ்ச தூரம் பனியில் நடந்து பார்க்கப் போனார்கள். நாங்கள் இருவரும் கீழேயே உட்கார்ந்துகொண்டோம். வெள்ளை மலையாடு ஒன்று குட்டியோடு கார்களுக்கு நடுவே வந்தது. கார்களிலிருந்து சொட்டும் கூலண்டை நக்க வருமாம். இந்தக் கணவாய் ஒரு நீர்ப்பிரிமேடு. மேற்கே வடியும் தண்ணீர் பசிபிக் கடலுக்குப் போகிறது. கிழக்கே வடிவது செயின்ட் மேரி ஆறாகி, கனடா வழியாக வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழும் மழை அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்குமாகப் பிரிவது போலத்தான். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி, "சும்மா கொஞ்ச நேரம் பாருங்களேன்" என்றாள். சும்மா பார்த்தேன்.

"அந்தப் பழைய கதையை அங்க வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"சொன்னது நல்லதுதான்" என்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. "அத்தைக்கு இந்தக் குளிர் ஆகாது" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறக்கத்தில் ஜாக்சன் பனியாற்றைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தூரத்தில் மலை மடிப்பில் அழுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. 1850 வாக்கில் இந்தப் பூங்கா இருக்கும் இடத்தில் இன்னும் நிறையப் பனியாறுகள் இருந்தனவாம். 2015 கணக்குப்படி, பனியாறு என்று சொல்லத்தக்க அளவில் மிஞ்சியவை 26. இவை 2020க்குள் மறைந்துவிடும் என்று முன்பு பூங்காவில் பலகை வைத்திருந்தார்கள். நாங்கள் போன சமயத்தில் அந்த வாசகத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வருடம் தப்பினாலும் போய்க்கொண்டிருப்பது உண்மை. பேத்தி பெரியவளாகித் திரும்பி வரும்போது அந்தத் திட்டு இருக்குமோ, இருக்காதோ. அவளைத் தூக்கி நிறுத்திக் காட்டினேன். "இவ்ளோதானா தாத்தா?" என்றாள்.

செயின்ட் மேரி ஏரிக்கரையில் புளியோதரை. ஏரி நடுவில் நாலைந்து மரத்தோடு ஒரு குட்டித் தீவு, சுற்றிலும் மலைகள். கரடி நடமாடும் இடம் என்பதால் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டோம். அங்கே மட்டும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. யாரும் அவளைக் கிளப்பவில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு அறைக்கு வந்து சேரும்போது இரவு ஒன்பது. அந்த ஊர்க் கோடையில் அப்போதும் வெளிச்சம் இருந்தது. படுக்கும்போது சொன்னாள்: "சாலைன்னா இப்படி இருக்கணும். நிக்கிறதுக்கு இடம் விட்டுப் போட்டிருக்கான் பாருங்க." 34 வருடச் சர்வீஸுக்கு இப்படி ஒரு ஆய்வுக் குறிப்பு எனக்கு வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அந்த 80 கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க் கிடையாது, வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். கழிப்பறைகள் முக்கிய இடங்களில் எல்லாம் உண்டு, நம் வயதுக்கு அது பெரிய நிம்மதி. சாலை திறந்திருக்கிறதா, முன்பதிவு வேண்டுமா என்பது வருடத்துக்கு வருடம் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். கணவாய்க்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மலைச்சாலை பயம் உள்ளவர்கள் இடது பக்கம் உட்காருங்கள்.

ஊர் திரும்பி, 2020 ஜனவரியில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு இருவரும் கொடைக்கானல் போனோம். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகில் வழக்கமான கூட்டம். குரங்குகள், சோளக்கதிர், செல்போனைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள். டிரைவர் தம்பி வேகத்தைக் குறைக்காமலே, "இங்க நிறுத்த இடமே இருக்காது சார். திரும்பும்போது பார்த்துக்கலாம்" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில், "நிறுத்துப்பா" என்றோம்.